பெரியண்ணையின் கராஜ், உப்புவெளி: பழைய கார் வைத்திருக்கும் திருமலைக்காரருக்கு

உப்புவெளியில் பழைய கார் திருத்தும் கராஜ் வைத்திருந்த பெரியண்ணை காலமான பிறகு, திருகோணமலையில் பழைய கார் வைத்திருக்கும் எல்லாரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டது ஒரே கேள்விதான்: இனிக் காரை எங்கே கொண்டுபோவது? கராஜைப் பூட்டிவிடுவார்கள் என்றார்கள் சிலர். வேலை தெரிந்த பொடியன்கள் இருவரும் கட்டாருக்குப் போய்விடுவார்கள் என்றார்கள் வேறு சிலர். அவர் காலமாகி ஒரு வருடம் ஆகிவிட்டது. இந்த ஒரு வருடமும் என் மொறிஸ் மைனர் அங்கேதான் போய் வருகிறது. போன மாதம் முன்பக்க வேலையும் பிறேக் வேலையும் பெரிதாகவே செய்வித்தேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், தயங்காமல் கொண்டுபோகலாம். எந்த வேலைக்குப் போகலாம், எதற்கு வேறு இடம் பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நிலாவெளி வீதியில் இருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றுக்குள் இருக்கிறது கராஜ். பெயர்ப்பலகை கிடையாது. தகரக் கொட்டில், முன்னால் பெரிய வேம்பு. வேம்பின் கீழ் எப்போது போனாலும் ஒரு ஒஸ்டின் கேம்பிரிட்ஜோ ஏ40ஓ பொனற்றைத் திறந்தபடி நிற்கும். உப்புவெளியில் யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள். இப்போது வேலை பார்ப்பவர்கள் பெரியண்ணையிடம் சிறுவயதிலேயே வந்து சேர்ந்த இருவர். ஒருவர் சாம்பல்தீவு, மற்றவர் கிண்ணியா. கணக்குவழக்கு பெரியண்ணையின் மகள் கையில்.

என்னுடையது 1959ஆம் ஆண்டு மைனர் 1000, 948 சீசீ எஞ்சின். தபாலதிபராக இருந்த அப்பா வாங்கியது. இந்த முறை கொண்டுபோனதற்குக் காரணம் வலது முன்சக்கரம். பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் 'டொக்' என்று ஒரு சத்தம்.

மைனர் வைத்திருப்பவர்களுக்கு ட்ரனியன் என்றாலே வயிறு கலங்கும். முன்சக்கரத்தைத் தாங்குகிற நிமிர்ந்த தண்டின் மேலும் கீழும் திருகுபுரி வெட்டிய மூட்டுகள் இரண்டு இருக்கின்றன, அவைதான் ட்ரனியன். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது சக்கரம் திரும்புவது அந்தப் புரியில்தான். கிறீஸ் போகாவிட்டால் புரி தேயும். தேய்ந்து முடிந்த ஒருநாள் தண்டு கழன்று, சக்கரம் மட்காட்டுக்குக் கீழே மடிந்துவிடும். 1,000 மைலுக்கு ஒருமுறை கிறீஸ் அடிக்க வேண்டும் என்பது பெரியண்ணை போட்ட சட்டம். அதுவும் சக்கரம் நிலத்தில் நிற்கும்போது அடித்தால் பாரம் விழும் பக்கத்துக்குக் கிறீஸ் போகாது. ஜாக் போட்டுச் சக்கரத்தைத் தொங்கவிட்டுத்தான் அடிக்க வேண்டும். பல சேர்விஸ் நிலையங்களில் இதற்கு யாருக்கும் பொறுமை இல்லை. இங்கே நான் சொல்லாமலே ஜாக்கை எடுத்தார்கள்.

கழற்றிய பழைய தண்டையும் புதியதையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, ஒரு பழைய பேப்பரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார் சாம்பல்தீவுத் தம்பி. "ரீச்சர், நகத்தை வச்சு இழுத்துப் பாருங்கோ" என்றார். புதியதில் நகம் ஒவ்வொரு புரியிலும் தடக்கித் தடக்கிப் போனது. பழையதிலும் பாதி வரை அப்படித்தான். அதற்குக் கீழே ஒரு அரை அங்குலத்துக்கு நகம் வழுக்கிக்கொண்டு இறங்கியது. அந்த இடத்தில் புரியின் விளிம்பெல்லாம் பிளேட் மாதிரி மெலிந்து, வெளிச்சத்தில் பிடித்தால் பளபளத்தது. "இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருக்கும். ஆனா எத்தனை நாளெண்டு என்னால சொல்லேலாது" என்றார். மாற்றச் சொன்னேன்.

காரின் சொந்தக்காரரை வாங்கில் இருத்தி, கழற்றியதைக் காட்டி, அவர் சரி என்ற பிறகே புதியதைப் பூட்டுவது பெரியண்ணையின் வழக்கம். அது அப்படியே இருக்கிறது. பழைய சாமானைப் பையில் போட்டுக் கையில் தருவதும் மாறவில்லை.

அடுத்தது பிறேக். பிறேக் எண்ணெயை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டர் மைனரில் சாரதியின் காலுக்குக் கீழே, தரைத்தகட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும். கம்பளத்தைத் தூக்கி, சின்ன மூடியைக் கழற்றித்தான் எண்ணெய் பார்க்கவே முடியும். சிலிண்டரைக் கழற்றுவது இன்னும் கரைச்சல். பிடித்திருக்கும் போல்ற்றை வெளியே இழுக்க விடாமல் முன் சஸ்பென்ஷனில் ஸ்பிரிங்குக்குப் பதிலாக இருக்கும் நீளக் கம்பியான ரோர்ஷன் பார் குறுக்கே நிற்கும். அதைத் தளர்த்தினால் முன்பக்கம் முழுவதையும் கலைத்தது போலத்தான். ஒருநாள் வேலை அதிலேயே போய்விடும் என்று நினைத்துக்கொண்டு போயிருந்தேன்.

கிண்ணியாத் தம்பி முதலில் காருக்குக் கீழே போகவில்லை. உள்ளே போய் அலுமாரியில் இருந்து என் காரின் கொப்பியை எடுத்து வந்தார். பெரியண்ணை ஒவ்வொரு காருக்கும் ஒரு சீ.ஆர். கொப்பி வைத்திருந்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி மண்ணிறத் தாளால் உறை போட்டு, மேலே கார் இலக்கம் எழுதியிருப்பார். வால்வ் 12, பிளக் 25, பொயின்ற் 15 என்று அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில் இடைவெளி அளவுகள், எந்தத் திகதியில் எது மாற்றினது, எந்தப் போல்ற் புரி கெட்டுப்போயிருக்கிறது, எல்லாம் இருக்கும். சில பக்கங்களில் வேறு மாதிரியும் எழுதியிருப்பார்: "பின் சீற்றில் பேரப்பிள்ளை ஏறுகிறது. இடது கதவுப் பூட்டைப் பார்க்கவும்."

பிறேக் என்று தலைப்பிட்ட பக்கத்தில் இருந்த வரியைத் தம்பி எனக்கு வாசித்துக் காட்டினார். "மாஸ்டர் சிலிண்டர் போல்ற் இரண்டும் மறுபக்கத்தால் போட்டிருக்கு. அடுத்த முறை செய்பவர் ரோர்ஷன் பாரில் கை வைக்கத் தேவையில்லை." அவ்வளவுதான். சிலிண்டர் அரை மணித்தியாலத்தில் வெளியே வந்தது. பல வருடங்களுக்கு முன் பெரியண்ணை காருக்குக் கீழே படுத்துக்கொண்டு, ரோர்ஷன் பாரைத் தளர்த்தும் பெரிய வேலையைத் தானே ஒருமுறை செய்து, திரும்பப் பூட்டும்போது போல்ற்றைத் திருப்பிப் போட்டிருக்கிறார். அடுத்த முறை செய்பவர் தானாக இருக்க மாட்டேன் என்று அப்போதே எண்ணியிருப்பாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் இந்தக் கராஜ் அவர் இல்லாமலும் ஓடுவதற்கு இதுதான் காரணம். வேலையைத் தன் கைக்குள் பூட்டி வைத்திருக்கவில்லை அவர்.

ஸ்பனர் விஷயத்தையும் சொல்ல வேண்டும். மைனரின் நட்டுகள் அங்குல அளவு. இப்போதைய கராஜ்களில் இருப்பதெல்லாம் மில்லிமீற்றர் சாவிகள். அரை அங்குல நட்டுக்கு 13 போட்டால் போகும்தான், ஆனால் கொஞ்சம் தளர்வாக இருக்கும். இறுகிய நட்டில் அழுத்தினால் முனை மழுங்கிவிடும். என் காரில் வேறொரு ஊர்க் கராஜில் அப்படி மழுங்கடித்த நட்டுகள் இன்னும் இருக்கின்றன. இங்கே அங்குலச் சாவிகள் தனிப் பெட்டியில் இருக்கின்றன. பெரியண்ணையின் அப்பா டொக்யார்டில் பிற்றர். 1957இல் பிரித்தானியக் கடற்படை திருமலைத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்துவிட்டுப் போன நேரத்தில் அவர் விலைக்கு வாங்கிய பெட்டி அது. இங்கிலாந்து உருக்கு, இன்னும் வாய் விரியவில்லை.

அதே 1957இல்தான் வாகன இலக்கத்தகட்டில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்தைப் போடுவதற்கு எதிரான போராட்டமும் தொடங்கியது. அந்த எழுத்தைத் தார் பூசி அழித்தவர்களின் தார்வாளிக்குப் பின்னால் ஓடிய சிறுபையன்களில் தானும் ஒருவன் என்று பெரியண்ணை சொல்வார். பிற்காலத்தில் கந்தளாயில் இருந்து வந்த சிங்கள நண்பரின் ஸ்ரீ இலக்க ஃபோக்ஸ்வாகனுக்கு இரவிரவாகக் கிளச் மாற்றி, காலையில் ஆஸ்பத்திரிக்குப் போக அனுப்பி வைத்தவரும் அவரே.

அந்த நண்பர், கிண்ணியாவில் ஏ40 வைத்திருக்கும் ஒரு வியாபாரி, பெரியண்ணை, இன்னும் ஓரிருவர், இவர்கள்தான் நம் பழைய கார்க்காரர் கூட்டத்தைத் தொடங்கியவர்கள். போர் முடிந்து, 2009இல் கிண்ணியாப் பாலமும் திறந்த பிறகு, கார்களை ஒன்றாக எடுத்துக்கொண்டு பாலத்தைத் தாண்டிப் போய் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தார்கள். அதுதான் முதல் பயணம். அதற்கு முன் அந்தக் கரைக்குப் போக பாதையில் (மிதவைப் படகில்) காரை ஏற்றக் காத்துக்கிடக்க வேண்டும். தலைவர், செயலாளர், சந்தா எதுவும் வேண்டாம் என்று பெரியண்ணை பிடிவாதமாக நின்றார். காசு சேர்த்தால் சண்டை வரும், சாமான் சேர்ப்போம் என்றார். அப்படிச் சேர்ந்து வாங்கிய ரோர்க் ரெஞ்ச், புளர், வால்வ் ஸ்பிரிங் அமுக்கி எல்லாம் கராஜில் இருக்கின்றன. கொப்பியில் பெயர் எழுதிவிட்டு யாரும் கொண்டுபோகலாம், கட்டணம் இல்லை. இதுவும் இன்றுவரை நடக்கிறது.

2022ஐ இங்கே சொல்லாமல் விட முடியாது. பெற்றோல் வரிசையில் ஆட்கள் நாள் கணக்கில் நின்ற காலம். பெற்றோல் பங்கீட்டுக் கியூஆர் அட்டை வந்த பிறகும் கிடைத்த அளவு பிள்ளைகளைக் கூட்டிப்போகவே போதவில்லை. பழைய கார்கள் எல்லாம் அசையாமல் நின்றன. எழுபது தாண்டிய பெரியண்ணை, சைக்கிளின் பாரில் ஸ்டார்ட்டிங் ஹாண்டிலைப் பழைய ரியூப் துண்டால் கட்டிக்கொண்டு வீடு வீடாக வந்தார். உவர்மலை, அலஸ்தோட்டம், லிங்கநகர் என்று ஒன்றையும் விடவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்து நாலு பிளக்கையும் கழற்றினார். ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் எண்ணெய் விட்டார். முன்பக்கத்து ஓட்டைக்குள் ஹாண்டிலைச் செருகி, இரண்டு கையாலும் மெதுவாகச் சுற்றினார். "ரிங் பிடிச்சுதெண்டால் எஞ்சின் இறக்கவேணும் பிள்ளை. கிழமைக்கு ஒருக்கா இப்பிடிச் சுத்திவிடு" என்று என்னையும் சுற்ற வைத்துப் பார்த்தார். தேத்தண்ணி குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். காசு வாங்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் 90களில் பெற்றோல் தடை இருந்தபோது ஓட்டியது போல மண்ணெண்ணெயில் ஓட்டலாமே என்று அப்போது கூட்டத்தில் ஒருவர் கேட்டார். பெரியண்ணைக்கு அந்த வித்தை தெரியும். காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் காட்டி ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. ஆனாலும் மறுத்துவிட்டார். எரியாத மண்ணெண்ணெய் ரிங்கால் கீழே இறங்கி எஞ்சின் எண்ணெயைத் தண்ணியாக்கிவிடும், அன்றைக்கு உயிர் தப்ப ஓடினோம், இன்றைக்கு என்ன அவசரம் என்றார்.

எனக்கு இந்தக் காரின் சத்தத்தைக் கேட்கக் கற்றுத் தந்தவரும் அவர்தான். சாவியைத் திருப்பு, ஸ்டார்ட் பண்ணாதே என்பார். முன்னால் பொனற்றுக்குள் இருந்து எஸ்யூ கம்பனியின் பெற்றோல் பம் டிக் டிக் டிக் என்று அடிக்கும். காபரேற்றர் கிண்ணம் நிரம்பியதும் அடி மெதுவாகி நிற்கும். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் தாங்கி காலி, அல்லது எங்கோ ஒழுகுகிறது. ஒரேயடியாக அடிக்கவே இல்லை என்றால் பம்மின் பொயின்ற் கருகியிருக்கும். அப்பா இருந்த காலத்தில் காருக்குள் எத்தனையோ தரம் இருந்திருக்கிறேன், இந்தச் சத்தத்துக்கு இவ்வளவு அர்த்தம் இருப்பது அவர் சொல்லித்தான் தெரியும்.

ஆண்டுத்திவசம் முடிந்து அடுத்த ஞாயிறு கூட்டமாக அவர் நினைவில் ஒரு பயணம் போனோம். கராஜ்காரர்தான் ஏற்பாடு. அதையும் அவர்களின் சேவையோடு சேர்த்தே சொல்கிறேன், ஏனென்றால் அவ்வளவு நேர்த்தி. முதல்நாளே எல்லாக் கார்களையும் வரச்சொல்லி டயர், பிறேக், தண்ணீர் பார்த்துவிட்டார்கள். காலையில் பிரட்றிக் கோட்டை வாசலடியில் கூடினோம். கோணேசருக்கு நடந்தே ஏறி அவர் பெயரில் அர்ச்சனை. கிண்ணியா நண்பர்கள் கீழே கார்களைப் பார்த்துக்கொண்டார்கள், கோட்டை மான்கள் பேரீச்சம்பழப் பெட்டியை மோப்பம் பிடித்துக்கொண்டு வந்துவிட்டனவாம். பிறகு பெரியண்ணையின் சொந்த ஒஸ்டினை மகள் முன்னால் ஓட்ட, நாங்கள் பின்னால் நிலாவெளி வரை.

சாம்பல்தீவுப் பாலம் வர முன் ஒரு ஃபோர்ட் பிறிஃபெக்ற் நின்றுவிட்டது. வெயிலில் பெற்றோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி, பம் வெறும் காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. தம்பிகள் இருவரும் இறங்கி, ஈரச்சாக்குத் துண்டைப் பம்மின் மேல் சுற்றி, பொனற்றைத் திறந்துவிட்டு நிழலில் நிறுத்தினார்கள். வரிசையில் வந்த ஒரு காரும் முந்திப் போகவில்லை. காத்திருந்த நேரத்தில், வேடிக்கை பார்க்க வந்த பள்ளிப் பிள்ளைகளுக்கு என் மைனரின் பொனற்றின் நடுவில் மேடாக ஓடும் பட்டியைக் காட்டினேன். அலெக் இசிகோனிஸ் இந்தக் காரை வடிவமைத்தபோது கடைசி நேரத்தில் ஒடுக்கமாகத் தெரிகிறது என்று மாதிரிக் காரை நீளவாக்கில் இரண்டாக வெட்டி, நாலு அங்குலம் தள்ளி வைத்துப் பார்த்தார். அந்த நாலு அங்குலத்தை நிரப்பியதுதான் அந்தப் பட்டி. 1948இல் வெளிவந்த கார், 16 இலட்சத்துக்கு மேல் விற்றது. இந்தக் கதையை ஒவ்வொரு பயணத்திலும் பிள்ளைகளுக்குச் சொல்வது பெரியண்ணையின் வேலையாக இருந்தது.

மத்தியானம் கராஜில் சோறு. வேம்பின் கீழ் பாய் விரித்து, மரக்கறியோடு பெரியண்ணைக்குப் பிடித்த முருங்கையிலை வறையும் வைத்திருந்தார்கள்.

சரி, குறைகளுக்கு வருகிறேன். பெயின்ற், ரிங்கரிங் (தகடு அடித்துத் திருத்தும் வேலை) இங்கே கொண்டுபோக வேண்டாம். சின்ன ஒட்டுவேலை செய்வார்கள், ஆனால் அடித்தட்டு முழுக்கத் துருவேறிய காரை இவர்கள் எடுக்க மாட்டார்கள், எடுக்கவும் கூடாது. மைனருக்குத் தனிச் சட்டகம் கிடையாது, அந்தத் தகடுதான் காரின் பலம். அதற்கென்றே தொழில் செய்பவரைப் பாருங்கள். மைனரின் உடல் தகடுகளை இலங்கையிலேயே அடித்து இங்கிலாந்துக்கு அனுப்பிய காலம் ஒன்று இருந்தது, அந்தக் கைத்திறன் நாட்டில் இன்னும் இருக்கிறது. டைனமோவுக்குக் கம்பி சுற்றுவதையும் வெளியேதான் கொடுக்கிறார்கள். ஆனால் பற்றரியின் நேர்முனையைக் காரின் உடலோடு பூட்டும் பழைய முறை இவர்களுக்குத் தெரியும். வேறொரு ஊரில் ஒரு பற்றரிக் கடையில் முனையை மாற்றிப் பூட்டியதில் அப்பாவின் றேடியோ எரிந்து போனது எனக்கு இன்னும் ஆறவில்லை.

காபரேற்றர் ரியூனிங்கில் ஒரு குறை உண்டு. பெரியண்ணை எஸ்யூ காபரேற்றரின் பிஸ்டனைக் கீழே உள்ள ஊசியால் ஒரு மயிரிழை தூக்கிப் பார்ப்பார். எஞ்சின் வேகம் சற்று ஏறி உடனே பழையபடி வந்தால் கலவை சரி. ஏறியே நின்றால் பெற்றோல் கூட, அணையப் பார்த்தால் குறைவு. பொடியன்கள் காதால் கேட்டு முடித்துவிடுகிறார்கள். கேட்டுச் செய்வியுங்கள். கேட்டால் முகம் சுளிக்காமல் செய்கிறார்கள்.

சொன்ன நாளில் கார் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். ஒரு கிழமை என்றால் இரண்டு கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள். சாமான் கொழும்பு பஞ்சிகாவத்தையில் இருந்து வர வேண்டும், அங்கே இல்லாதது இங்கிலாந்தில் இருந்து. தொலைபேசி எடுப்பது அருமை, நேரில் போவதே நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒழுங்கை முழங்காலளவு தண்ணீர், கொட்டிலும் ஒழுகும். அவசரமில்லாத வேலையைத் தைக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

கூலி நியாயம். சாமானுக்கு முற்பணம் கேட்பார்கள், பற்றுச்சீட்டோடு கணக்குக் காட்டுவார்கள். பேரம் பேச வேண்டாம், தேவையே வராது. வெள்ளிக்கிழமை மத்தியானம் கிண்ணியாத் தம்பி பள்ளிவாசலுக்குப் போய்விடுவார், ஞாயிறு பூட்டு. முதல்முறை போகிறவர்கள் காரின் பழைய சேர்விஸ் துண்டு, புத்தகம் எது இருந்தாலும் கொண்டுபோங்கள். மகள் இருந்து எல்லாவற்றையும் புதுக் கொப்பியில் ஏற்றித் தருவா. கூட்டத்தின் அடுத்த பயணம் மூதூருக்கு. எந்தப் பழைய வாகனமும் வரலாம், மோட்டார் சைக்கிளும்தான். முதல்நாள் பிறேக் பார்க்கக் கராஜுக்குக் கொண்டுவர வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. தம்பலகாமம் பக்கத்தில் இருந்து வருபவர்கள் முன்கூட்டிச் சொல்லிவிட்டால் கிண்ணியாப் பாலத்தடியில் ஒருவர் காத்து நிற்பார்.